பழைய பிக்கப்புக்குப் புது சைலன்சர் லைன்: சோழவந்தான் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

பழைய பிக்கப் வண்டியில் சைலன்சர் லைன் (எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள், சத்தத்தை அடக்கும் பெட்டி) முழுவதையும் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தக் குழாய் போடலாம், எந்தப் பெட்டி நல்லது? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிட முக்கியமானது, அந்த லைன் வண்டிக்கு அடியில் எப்படித் தொங்குகிறது என்பது. எஞ்சின் ஆடும்போது கூட ஆடவும், சூட்டில் நீளவும் அதற்கு இடம் இருந்தால் சாதாரண இரும்புக் குழாய்கூட வருஷக்கணக்கில் உழைக்கும். இடம் இல்லாவிட்டால் விலை கூடிய எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயும் விரிசல் விடும். எங்கள் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது 2012 மாடல் பொலிரோ பிக்கப். 2523 சிசி டீசல். புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ உண்டு. புகை விதிகளில் பழைய கட்டமான பி.எஸ்.3. சோழவந்தான், தென்கரைப் பக்கத்துக் கொடிக்கால்களிலிருந்து வெற்றிலையும், தோப்புகளிலிருந்து தேங்காயும் வாழை இலையும் ஏற்றிக்கொண்டு மேலக்கால் ரோடு வழியாகக் கோச்சடை வந்து மதுரைக்குள் நுழைவதுதான் அதன் தினசரி வேலை. சில நாள் வாடிப்பட்டி போய் நான்குவழிச் சாலையைப் பிடிப்போம். கம்பெனியில் வந்த சைலன்சர் நன்றாகவே உழைத்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் சத்தம் கூடியது. அப்புறம் வெற்றிலைக்காரர் ஒருவர், "தம்பி, இலையில புகை நாத்தம் அடிக்குது" என்றார். அதுதான் எங்களை நிஜமாகவே உலுக்கியது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மண்டியில் கவுளியைப் பிரித்து முகர்ந்து பார்த்து வாங்குகிற ஆட்கள் உண்டு. அப்படிப்பட்ட சரக்கை டீசல் நாற்றத்தோடு இறக்கினால் வண்டிக்காரனை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது வால் குழாய் இற்றுப்போய்ப் பாதியிலேயே ஒடிந்திருந்தது. புகை பின்னால் போகாமல் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியிலேயே கக்கி, தளத்தின் இடுக்கு வழியாக மேலேறி, தார்ப்பாய்க்குள் தங்கிக்கொண்டிருந்தது.

சைலன்சர் ஏன் இற்றுப்போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் பாதி தெரிந்துவிடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான குழாயில் அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாகப் படியும். டீசலில் இருக்கும் கந்தகம் அந்தத் தண்ணீரை அமிலமாக்குகிறது. பி.எஸ்.3 காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். பி.எஸ்.4-ல் அது 50, 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்.6-ல் 10. ஆகவே பழைய வண்டிகளின் பெட்டிகள் ஆரம்ப வருஷங்களில் நிறையவே அமிலத்தைக் குடித்திருக்கின்றன. தோப்புக்கும் மெயின் ரோட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் பெட்டி முழுதாகச் சூடேறுவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே நிற்கும், துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் சின்னப் பொட்டுபோல் ஓட்டை தெரிகிறது என்றால் உள்ளே தகடு காகிதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் ஒட்டுப் போட்டால் வெல்டிங் பிடிக்க இரும்பே இருக்காது.

இதனால்தான் நல்ல பெட்டிகளில் அடியில், தாழ்வான இடத்தில், ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். தண்ணீர் வடிவதற்கு. விவரம் தெரியாத வெல்டர் அதையும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுவார். புதுப் பெட்டி மாட்டும்போது அந்தத் துளை கீழ்ப்பக்கம் வருகிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

பின்பக்கக் கதை துரு. முன்பக்கத்தில் இருந்தது வேறு பிரச்சினை. டர்போவிலிருந்து இறங்கும் முன் குழாயில், ஃபிளாஞ்சுக்கு (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) கொஞ்சம் கீழே, விரிசல் விழும். வெல்டு வைப்போம். கொஞ்ச நாளில் அந்த வெல்டுக்கு ஒட்டினாற்போல் மறுபடி விரிசல். வாடிப்பட்டியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் சைலன்சரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்ப ஆஃப் பண்ணுப்பா" என்றார். டீசல் எஞ்சின் நிற்கும்போது ஒரு குலுங்கு குலுங்கும். எங்கள் எஞ்சின் குலுங்கவில்லை, சாய்ந்து எழுந்தது.

"இது சைலன்சர் கம்ப்ளைண்டே இல்ல தம்பி. மவுண்டிங் ரப்பர் போயிருச்சு. எத்தன தடவ வெல்டு வச்சாலும் இங்கனதான் விடும்" என்றார்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸ் அசையாது. முன் குழாய் எஞ்சினோடு இறுகியிருக்கிறது, பெட்டியோ சேசிஸில் தொங்குகிறது. அசைகிற ஒன்றுக்கும் அசையாத ஒன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அந்தக் குழாய்தான். மவுண்டிங் தளர்ந்தால் எஞ்சின் கூடுதலாக ஆடும், அந்த ஆட்டம் முழுவதையும் குழாய் வாங்கிக்கொள்ளும். வெல்டு வைத்த இடம் விறைப்பாகிவிடுவதால் அதற்குப் பக்கத்தில் விடும். முதலில் எஞ்சின் மவுண்டிங்கையும் கியர் பாக்ஸ் மவுண்டிங்கையும் மாற்றினோம். சைலன்சர் லைன் மாற்றப் போகிற யாராக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் காசை எடுக்காதீர்கள் என்பேன். புது லைன் போட்டு, பழைய மவுண்டிங்கை விட்டுவைப்பதால் பிரயோசனமில்லை.

முன்பக்க விரிசலை அலட்சியப்படுத்த வேறொரு காரணத்தாலும் முடியாது. அது கேபினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெடல் ரப்பர் கிழிந்திருந்தால், தரையில் துரு ஓட்டை இருந்தால், புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. டீசலில் அது பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனாலும் மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நடுராத்திரி ஓட்டுகிற டிரைவருக்குத் தலைவலி வருகிறது, கண் எரிகிறது என்றால் தூக்கமின்மை என்று தள்ளிவிடாமல் முதலில் இந்த ஜாயிண்டைப் பாருங்கள். விரிசலைக் கண்டுபிடிப்பது சுலபம். கசிகிற இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஓர் ஆள் பின்னால் மடித்த ஈரச் சாக்கால் வால் குழாயை ஒரு நொடி அழுத்தினால், கசிகிற இடத்திலிருந்து 'சுஸ்' என்று கேட்கும். டர்போவுக்கு முந்திய மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் குழாய்த்தொகுதி) இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தால் இன்னும் மோசம். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வெளியே போய், இழுவை குறைந்து, கரும்புகை தள்ளும்.

சரி, எதை வாங்குவது? எங்கள் முன்னால் நாலு வழி இருந்தது. கம்பெனி ஒரிஜினல், லோக்கல் மேக், காயலான் கடையில் பழையது, பட்டறையில் புதிதாகச் செய்வது. பழையதை உடனே ஒதுக்கினோம். வெளியில் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு எவ்வளவு என்று தெரியாது. தட்டிப் பார்த்தால் உள்ளே பெயர்ந்த தகடு கலகலவென்று ஆடுவது கேட்கும். பெட்டியையும் முன் குழாயையும் ஒரிஜினல் அளவிலேயே புதிதாக வாங்கி, நடுக் குழாயையும் வால் குழாயையும் பட்டறையில் செய்வது என்று முடிவெடுத்தோம்.

பெட்டியைப் பட்டறையில் செய்யாததற்குக் காரணம் உண்டு. டீசல் வண்டியின் பெட்டிக்குள் அறை அறையாகத் தடுத்து, துளையிட்ட குழாய்களை வைத்திருப்பார்கள். ஒலி அந்த அறைகளுக்குள் மோதி ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். அந்த அறைகளின் அளவு எஞ்சினுக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டது. கண்ணாடி இழையைத் திணித்துச் செய்கிற வகை டீசலுக்கு அவ்வளவாக ஒத்துவராது. கரியும் எண்ணெயும் ஊறி, கொஞ்சநாளில் இழை எரிந்து பறந்துவிடும், அப்புறம் பெட்டி வெறும் தகரம்.

பெட்டியையே எடுத்துவிட்டு நேர் குழாய் போடச் சொல்லும் ஆட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்பார்கள். டர்போ வண்டியில் பின் அழுத்தம் குறைந்தால் நல்லதுதான், அது உண்மை. ஆனால் கம்பெனி அளவுக் குழாய் அடைப்பில்லாமல் இருந்தாலே அந்த எஞ்சினுக்குப் போதும். பம்பும் இன்ஜெக்டரும் அதே அளவு டீசலைத்தான் விடுகின்றன. குழாயை அகலமாக்கினால் சத்தம்தான் கூடும். அதிகாலை மூன்று மணிக்கு மேலக்கால் ரோட்டு ஊர்களைத் தாண்டிப் போகிறவர்கள் நாங்கள். வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும் பெரியவர்களையும், கைக்குழந்தை உள்ள வீடுகளையும் எழுப்பிவிட்டுத்தான் வெற்றிலை விற்க வேண்டும் என்பதில்லை. மணிக்கணக்கில் அந்த ரீங்காரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் காது வேறு இருக்கிறது.

சட்டமும் இதே பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பழுதான பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகம் போடுவது வேறு, அமைப்பை மாற்றுவது வேறு. பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்கள் கேடலிடிக் கன்வெர்ட்டரையோ, புகைக்கரி வடிகட்டியையோ, அவற்றில் செருகியிருக்கும் சென்சாரையோ வெட்டி எடுக்க விடாதீர்கள்.

குழாய் வாங்குவதில் கவனிக்க வேண்டியவை சில. எஸ்.எஸ். என்று கேட்டால், கைப்பிடி கிரில் செய்கிற பளபளப்புக் குழாயைத்தான் பெரும்பாலும் எடுத்துப் போடுவார்கள். அது அநேகமாக 202 ரகம், மெல்லியது. நமக்கு வேண்டியது 304 அல்லது 409. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்று சிலர் சாதிப்பார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. 409-ல் ஒட்டும், ஆனாலும் அது சைலன்சருக்கென்றே பல கம்பெனிகள் பயன்படுத்துகிற எஃகு. ஆகவே காந்தத்தை நம்பாமல், குழாயின் மேல் அச்சடித்த ரகத்தைப் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். கனம் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. விலை இரும்பைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும். காசு இடிக்கிறது என்றால் 2 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) குழாய் தாராளமாகப் போடலாம், தொங்கவிடுவதைச் சரியாகச் செய்தால் போதும். தண்ணீர்க் குழாயாக விற்கும் ஜி.ஐ. மட்டும் வேண்டாம். வெல்டு வைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்குக் காய்ச்சல் வரும்.

வளைவுகளையும் கவனியுங்கள். குழாயை வெறுமனே மடக்கினால் உள்பக்கம் நசுங்கி வழி குறுகிவிடும். எங்கள் பட்டறையில் ரெடிமேடு லாங் பெண்ட் வாங்கி வெட்டி ஒட்டினார்கள். மணல் திணித்துச் சூடாக்கி வளைக்கிற பழைய முறையும் நல்ல முறைதான். ஆனால் மணல் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்த குழாய்க்குள் ஈரம் இருந்தால் நீராவி வெடித்து ஆளைக் காயப்படுத்திவிடும்.

கழற்றும் வேலைக்கு அவசரம் ஆகாது. முதல் நாள் சாயங்காலமே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தோம். டர்போ பக்கத்து ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்றில் நட்டு அசையவே இல்லை. மெக்கானிக் அண்ணன் அதில் பலத்தைக் காட்டவில்லை. நட்டை மட்டும் சூடுபண்ணி, கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பி, அப்புறம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, இப்படியே கொண்டுவந்தார். அந்த ஸ்டட் உள்ளே ஒடிந்திருந்தால் வேலை லேத் பட்டறை வரை போயிருக்கும். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அவற்றை வெட்டியே எடுத்துவிடலாம். ஆனால் பழைய லைனைத் துண்டாக்கித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வளைவு, நீளம், கொக்கி வரும் இடம் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். எங்கள் லைனை அப்படியே தரையில் கிடத்தி, பக்கத்தில் புதுக் குழாய்களை வைத்து அளவெடுத்தோம்.

திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் கட்டாயம். பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி அடைக்காது. எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டைப் போட்டால் சூட்டில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், அடுத்த முறை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பித்தளை நட்டு போட்டு, மரையில் காப்பர் கிரீஸ் தடவிவிட்டோம்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன்.

வெல்டர் தம்பி நல்ல கைக்காரர். அவர் முதலில், வண்டிக்கு அடியில் படுத்தே ஃபுல் வெல்டு வைத்து, பெட்டியைச் சேசிஸோடு ஒரு இரும்புப் பட்டையால் பிடித்துவிடலாம், ஆடவே ஆடாது என்றார். மெக்கானிக் அண்ணன், "ஆடாம இருந்தாத்தான் தம்பி உடையும்" என்று தடுத்துவிட்டார். 304 எஃகு சூட்டில் நன்றாக விரியும். இரண்டரை மீட்டர் குழாயின் சராசரிச் சூடு 250 டிகிரி ஏறினால் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். எம்.எஸ். என்றால் சுமார் ஏழரை மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டும். இரண்டு பக்கமும் இறுகக் கட்டினால் எங்கே பலவீனமோ அங்கே கிழியும். ஆக, முன் குழாய்க்கும் நடுக் குழாய்க்கும் இடையே பெல்லோஸ் வைத்தோம். வலையால் மூடிய, மடிப்பு மடிப்பான அந்தத் துண்டுதான் எஞ்சின் ஆட்டத்தையும் குழாயின் நீட்சியையும் வாங்கிக்கொள்கிறது. அதை முறுக்கியோ, இழுத்துப் பிடித்தோ மாட்டக் கூடாது. நேராக, தளர்வாக உட்கார வேண்டும்.

மற்ற எல்லா இடத்திலும் ரப்பர் ஹேங்கர்தான். டயர் பட்டையை அறுத்து, போல்ட் போட்டுத் தொங்கவிடுவது எங்கள் பக்கம் சாதாரணம். அவசரத்துக்குத் தாங்கும், ஆனால் சூட்டில் நாளாக நாளாக நீண்டுபோய்ப் பெட்டி இறங்கிவிடும். கம்பெனி ரப்பர் பெரிய விலை இல்லை. அதையே போட்டோம். மாட்டி முடித்ததும் பெட்டியைக் கையால் நாலு பக்கமும் அசைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆட வேண்டும், எங்கும் இடிக்கக் கூடாது. ரப்பர்கள் எல்லாம் ஒரே அளவு சுமையைத் தாங்க வேண்டும். ஒன்று விறைத்தும் மற்றது தொங்கியும் இருந்தால் கொக்கி இடம் மாற வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, முன்னாலிருந்து பின்னால் ஒழுங்குபடுத்தி, பொட்டு வெல்டு மட்டும் வைத்து, கழற்றிக் கீழே கொண்டுவந்து முழு வெல்டு வைத்தோம். எஸ்.எஸ். இணைப்புகளுக்கு ஆர்கான் வெல்டிங். எஸ்.எஸ்.ஸும் எம்.எஸ்.ஸும் சேரும் இடத்துக்கு 309 கம்பி. பொட்டு வெல்டு வைப்பதற்கு முன்பே பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டோம். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கிற குழாயிலேயே மாட்ட வேண்டும். எங்கேயோ சேசிஸில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகவும் ஒயர் வழியாகவும் சுற்றிவரும். டீசல் டேங்க், டீசல் குழாய், பிரேக் குழாய் இருந்த பக்கம் ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒரு வாளித் தண்ணீரோடு ஓர் ஆளை நிறுத்தியிருந்தோம். தொட்டியைப் பெருக்கிச் சுத்தம் செய்த பிறகுதான் வெல்டிங் மெஷினை ஆன் செய்தோம். வாழைச் சருகும் தேங்காய் நாரும் கிடக்கிற வண்டியில் ஒரு பொறி போதும்.

பிக்கப்புக்கே உரிய ஒரு விஷயத்தைக் கார் பட்டறைக்காரர்கள் கவனிக்க மாட்டார்கள். காலி வண்டியில் பின் கமான் பட்டை (ஸ்பிரிங்) விறைத்து நிற்கும், ஆக்சில் கீழே இருக்கும். அதன் மேலாகக் குழாயைக் கொண்டுபோகும்போது ஏகப்பட்ட இடம் இருப்பதுபோல் தெரியும். லோடு ஏறினால் தொட்டி இறங்கும், ஸ்பீடு பிரேக்கரில் ஆக்சில் இன்னும் மேலே வரும். காலியாக இருக்கும்போது அளந்து மாட்டிய குழாய் முதல் தேங்காய் லோடிலேயே அடிவாங்கும். அளக்கும் முறை இதுதான்: ஆக்சிலுக்கும் அதற்கு மேலே சேசிஸில் இருக்கும் தடுப்பு ரப்பருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஆக்சிலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி அதைவிடத் தாராளமாக அதிகம் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ரப்பரும் நசுங்கும். எங்கள் குழாயில் இந்த இடத்தில் ஒரு வளைவைத் திரும்ப வெட்டி ஒட்ட வேண்டிவந்தது. அப்புறம் தேங்காய் மூட்டைகளை ஏற்றி, வண்டி அமுங்கிய நிலையில் அடியில் பார்த்துத்தான் முழு வெல்டுக்கு அனுப்பினோம். ஸ்டெப்னி, பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஒயரிங் இவற்றையும் அதே நிலையில் பார்த்துவிடுங்கள். டீசல் குழாய்க்கும் சைலன்சர் குழாய்க்கும் 35 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அது குறைந்தபட்சம்தான். இடம் கிடைத்தால் இன்னும் தள்ளிவையுங்கள்.

ஃபிளாஞ்சை எங்கே வைப்பது என்பதையும் யோசித்துச் செய்தோம். கிளட்ச் வேலைக்குக் கியர் பாக்ஸை இறக்கும்போது நடுக் குழாய் குறுக்கே நிற்கும். ஒரே நீளக் குழாயாக ஒட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். கியர் பாக்ஸுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு இணைப்பு வைத்ததால் போல்ட்டைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிடலாம்.

வால் குழாய்தான் எங்கள் வெற்றிலைக்கு வைத்தியம். விதிப்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வரக் கூடாது, ஏனென்றால் இடப்பக்கம்தான் ஆட்கள் நடக்கிறார்கள். அதனால் தொட்டியின் பின்விளிம்பைக் கொஞ்சம் தாண்டி, வலது ஓரமாகப் பின்னோக்கி முடித்தோம். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை திரும்பித் தொட்டிக்குள் இழுபடும். குழாய் விளிம்புக்கு உள்ளே முடிந்தால் இது இன்னும் அதிகம். கொஞ்சம் தாண்டி ஓரமாக விட்டால் பெருமளவு குறைகிறது. ரொம்பவும் நீட்டிவிட்டால் தோப்புக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது வரப்பில் முட்டி மண் அடைத்துக்கொள்ளும். எங்கள் குழாய் தொட்டி விளிம்பைத் தாண்டினாலும் பம்பர் மட்டத்துக்கு உள்ளேயே நிற்கிறது. தார்ப்பாயின் பின்மடிப்பையும் கீழே வரை இழுத்துக் கட்டப் பழகிக்கொண்டோம். இலையில் நாற்றம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

முதல் ஓட்டத்தில் புதுக் குழாயிலிருந்து புகையும் வாடையும் கிளம்பும். குழாய்மேல் தடவியிருக்கும் எண்ணெய் எரிவதுதான் அது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நன்றாகச் சூடாகிக் குளிர்ந்த பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கி இடம் விட்டிருக்கும். எங்களுக்கு டர்போ பக்கத்து நட்டுகளில் கணிசமாகவே திருகு ஏறியது. ஒரு வாரம் லோடு ஓட்டிய பிறகு மறுபடி பார்த்தோம், தளர்வில்லை.

புகைச் சான்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹெச்.எஸ்.யூ. (புகையின் கருமையை அளக்கும் அலகு), பி.எஸ்.4-க்கு 50. சைலன்சர் மாற்றினால் கரும்புகை போய்விடும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. பெட்டி அடைத்திருந்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். மற்றபடி கரும்புகைக்குக் காரணம் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப், டர்போ ஹோஸ் பக்கம்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி போட்டால் அந்தப் பெட்டியும் கரியால் நிரம்பும். நாங்கள் ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரைச் சோதித்த பிறகுதான் சான்றுக்குப் போனோம். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. லைன் மாற்றுகிற எண்ணம் இருந்தால் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் செய்துவிடுவது நல்லது. லோடு ஓட்டிப் பார்த்துக் குறைகளைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பில்களையும் பத்திரமாக வைத்திருங்கள், ஒரிஜினல் வகைப் பெட்டிதான் போட்டிருக்கிறது என்று காட்ட உதவும்.

இப்போது எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் ரப்பர்களில் வெடிப்பு இருக்கிறதா, பெல்லோஸ் வலை பிரிந்திருக்கிறதா, பெட்டியின் வடிகால் துளை மண்ணால் அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியோடு பார்த்துவிடுகிறோம். உபரியாக இரண்டு ஹேங்கர் ரப்பர் டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடக்கின்றன. வழியில் ஒன்று அறுந்தால் பெட்டியை ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து, சூடு ஆறியதும் அங்கேயே மாட்டிவிடலாம்.